ஆறு மணி வாசிப்பு

என் பெயர் அறிவுச்செல்வி. பெயரைக் கேட்டவுடனேயே சிலருக்குப் புரிந்திருக்கும். ஆமாம், அப்பா கருப்புச் சட்டைக்காரர்தான். ஈரோட்டில் தையல் கடை. பெரியார் பிறந்த ஊர் ஆயிற்றே, கேட்கவா வேண்டும்! கடைத் திண்ணையில் எப்போதும் 'விடுதலை' பேப்பர் கிடக்கும். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவது எட்டு வயதிலிருந்து என் வேலை. அப்பா மிஷினை மிதித்துக்கொண்டே கேட்பார். ஓர் ஒற்றெழுத்தை நான் விழுங்கிவிட்டால் போதும், மிஷின் நின்றுவிடும். "மறுபடியும் படி சாமி" என்பார்.

சிரிக்காதீர்கள். கடவுள் இல்லை என்று மேடை போட்டுப் பேசியவர், பெற்ற பெண்ணை 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் கொங்கு நாட்டில் அது வாய்ப் பழக்கம். பிள்ளையைக் கொஞ்ச வேறு வார்த்தை அவருக்கு வராது.

அப்படி வளர்ந்த நான் 2024-ல், என் நாற்பத்து நாலாவது வயதில், பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டேன். சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஒரே ஆச்சரியம். கனவில் யாராவது வந்தார்களா, தீராத வியாதி ஏதாவது தீர்ந்ததா என்று கேட்டார்கள். பணம் கொடுத்தார்களா என்றுகூட ஒருத்தர் கேட்டுவிட்டார்! மூன்றும் இல்லை. நாலு வருஷம் ஆயிற்று, அவ்வளவுதான். அந்த நாலு வருஷக் கதையைத்தான் எழுதுகிறேன், யாரையும் எந்தப் பக்கமும் இழுப்பதற்காக அல்ல.

2001-ல் எனக்குச் சுயமரியாதைத் திருமணம். மந்திரம் கிடையாது, மாலை மாற்றி உறுதிமொழி. (இப்படிப்பட்ட கல்யாணம் செல்லும் என்று 1967-ல் அண்ணா ஆட்சியில் சட்டம் நிறைவேறியதை, எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அப்பா சொல்லாமல் வரமாட்டார்.) மாமனார் அப்பாவுக்கு இயக்கத் தோழர், கடையநல்லூர்க்காரர். மாமியார் நேர் எதிர். செவ்வாய், வெள்ளி தவறாமல் அம்மன் கோயில். மாமனார் தடுத்ததும் இல்லை, கூடப் போனதும் இல்லை. என் வீட்டுக்காரருக்குத் திருநெல்வேலியில் ஜவுளிக் கடையில் வேலை. கடவுள் உண்டா இல்லையா என்பதைவிட, இந்த வருஷம் தீபாவளி வியாபாரம் எப்படி என்பதுதான் அவருக்குக் கவலை.

முதலில் பெண், 2007-ல் பையன்.

2012 மே மாதம் பள்ளி லீவுக்குக் கடையநல்லூர் போயிருந்தோம். அந்த வருஷம் அந்தப் பக்கம் டெங்கு எப்படி வாரிக்கொண்டு போயிற்று என்பது நெல்லைச் சீமையில் எல்லாருக்கும் ஞாபகமிருக்கும். தமிழ்நாடு முழுக்க 12,000 பேருக்கு மேல் வந்தது. தண்ணீர்க் கஷ்டம் உள்ள ஊர்களில் பின்கட்டுத் தொட்டியிலும் டிரம்மிலும் பிடித்துப் பிடித்து வைத்திருப்பார்கள். டெங்குக் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், இந்த மாதிரி நல்ல தண்ணீர்தான் வேண்டும். மாமியார் வீட்டு சிமெண்டுத் தொட்டிக்கு மூடி கிடையாது.

மூன்று நாள் கொதித்த காய்ச்சல் நாலாம் நாள் விட்டது. "காய்ச்சல் விட்டுட்டுளா, இனிமே பயமில்ல" என்றார் மாமியார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. அங்கேதான் ஏமாந்தோம். டெங்கு வந்தால் காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் அபாயமான நாள். வயிற்று வலி, விடாத வாந்தி, கை கால் சில்லிடுவது, ஈறில் ரத்தம், பிள்ளை துவண்டு கிடப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். சகோதரிகளே, மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நாங்கள் மறுநாள்தான் ஓடினோம். அவனுக்கு ஐந்து வயது.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். போன ஜென்மத்துக் கணக்கு என்றார் ஒருத்தர். சாமியே இல்லை என்ற குடும்பத்துக்கு இது ஒரு பாடம் என்று என் காதுபடவே ஒரு அம்மாள் சொன்னார். ஈரோட்டிலிருந்து வந்த அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் தார்சாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தார். கிளம்பும்போதுதான், "ஒரு கொசு, ஒரு கிருமி. யாரு மேலயும் தப்பில்லே சாமி" என்றார்.

அப்பா சொன்னது சரி. இன்றைக்கும் அதுதான் சரி என்பேன். ஆனால் எனக்கு அது உதவவில்லை. ஏனென்றால் என் மேல் தப்பு இருந்தது. காய்ச்சல் விட்ட அன்று ராத்திரி பையன் எழுந்து, "வயிறு வலிக்கும்மா" என்று அழுதான். இரண்டு தடவை வாந்தி எடுத்தான். சாயங்காலம் தின்ற மாங்காய்தான் என்று நினைத்து வாயைத் துடைத்துவிட்டுப் படுக்க வைத்தேன். எனக்குத் தூக்கம், மூன்று ராத்திரித் தூக்கம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடம்கூட. அதை உள்ளே அமுக்கி வைக்க எனக்கு வேறொன்று தேவைப்பட்டது. மூடியில்லாத அந்தத் தொட்டி கிடைத்தது. எட்டு வருஷம் மாமியாரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பொங்கலுக்குப் போவேன், வருவேன். பின்கட்டுப் பக்கம் கால் வைக்கமாட்டேன்.

2015-ல் பாளையங்கோட்டையில் மாடி வீட்டுக்குக் குடி வந்தோம். வீட்டுக்காரம்மா கீழே. ரிட்டயர்டு டீச்சர், சி.எஸ்.ஐ. கிறிஸ்தவர். கணவர் காலமாகிவிட்டார், மகன் பெங்களூரில். டீச்சருக்குக் கண் நீர் அழுத்த நோய். வலியே இல்லாமல் பார்வையை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும் வியாதி அது. போன பார்வை திரும்பாது. (நாற்பது தாண்டியவர்கள் கண்ணாடிக்கு நம்பர் பார்க்கும்போது கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.) நிழல் தெரியும், எழுத்துத் தெரியாது.

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சர்ச் மணிச் சத்தம் கேட்காமல் இருக்க முடியுமா? ஊசிக்கோபுரம் என்று ஊரே சொல்லும் அந்தப் பெரிய கோயிலைத் தாண்டித்தான் மார்க்கெட்டுக்குப் போவேன். எனக்கு அதெல்லாம் இன்னொரு மூடநம்பிக்கை, அவ்வளவுதான். கூட்டம் போட்டு, குருடர் பார்க்கிறார் முடவர் நடக்கிறார் என்று மைக்கில் அலறுவதைக் கேட்டால் எரிச்சல் வரும். கீழே ஒரு அம்மாள் நாற்பது வருஷமாக ஜெபம் செய்தும் பார்வை போய்விட்டதே, அதற்கு என்ன சொல்கிறார்கள்? கல்லறையில்கூடச் சில ஊர்களில் ஜாதி பார்க்கிறார்களே, அது எந்தக் கணக்கு? இதையெல்லாம் டீச்சரிடமே கேட்டிருக்கிறேன். "நீ கேக்கது சரிதான்" என்று சொல்லிவிட்டு, முருங்கைக்காய் வேண்டுமா என்பார்.

2020 மார்ச் 25-ந்தேதி ஊரடங்கு வந்தது. டீச்சருக்குச் சமைத்துக் கொடுத்து, வேதப் புத்தகம் படித்துக் காட்டும் பெண் வர முடியவில்லை. கோயிலையும் பூட்டிவிட்டார்கள். சாப்பாடு நான் கொடுத்தேன். நாலாம் நாள் சாயங்காலம் கீழேயிருந்து குரல்.

"ஏளா, ஒரு அதிகாரம் வாசிச்சுத் தாரியா?"

"நான் நம்பாதவ டீச்சர். நான் படிச்சா உங்களுக்குப் பலிக்குமா?"

"அச்சுக் கோத்தவன் எல்லாம் நம்பியா கோத்தான்? எழுத்தைக் கூட்டினாப் போதும்."

அவர் கிரில் கதவுக்கு உள்ளே நாற்காலியில், நான் வெளியே மாடிப் படியில், முகத்தில் துணி கட்டிக்கொண்டு. சரியாக ஆறு மணி. புனித வெள்ளி நெருங்குகிறது என்று மாற்குவில் ஆரம்பிக்கச் சொன்னார். மொத்தமே 16 அதிகாரம்தான். 1871-ல் போவர் ஐயர் தலைமையில் வந்த மொழிபெயர்ப்பின் வழியில் வந்த தமிழ் அது. ஒரே வடமொழிச் சொல்லாக இருக்கும். அப்பா கேட்டால் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தே போயிருப்பார்!

அங்கங்கே நிறுத்தி, "இது எப்படி டீச்சர் நடக்கும்?" என்பேன். அவர் வாதாடவில்லை. "ஒரு நோட்டு போட்டு எழுதி வை" என்றார். மகளின் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து நம்பர் போட்டு எழுத ஆரம்பித்தேன். எட்டாவது நம்பர் கேள்வி: நோயாளிகளைக் குணமாக்கினார் என்றால், எல்லாரையும் ஏன் ஆக்கவில்லை?

மாற்குவின் கடைசி அதிகாரத்தில், கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மிகப் பழைய ஏட்டுப் பிரதிகள் அந்த இடத்தோடு முடிந்துவிடுகின்றன என்றார் டீச்சர். "கட்டிவிட்ட கதைன்னா பொம்பளைகளையா சாட்சி ஆக்குவான்? அந்தக் காலத்துல பொம்பளை சொல்லுக்கு மதிப்பே கிடையாது" என்றார். "எழுதினவர் பொய் சொல்லலைன்னுதான் அதுக்கு அர்த்தம். நடந்துதுன்னு அர்த்தம் இல்லையே" என்றேன். டீச்சர் சிரித்துவிட்டு, "எங்கிட்ட படிச்சிருந்தா உனக்கு நூத்துக்கு நூறு போட்டிருப்பேன்" என்றார்.

ஈஸ்டர் ஏப்ரல் 12. அதற்குப் பிறகும் ஊரடங்கு முடியவில்லை, என் வாசிப்பும் முடியவில்லை. யோபுவின் கதைக்கு வந்தோம். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த மனுஷன். பார்க்க வந்த மூன்று நண்பர்கள் முதல் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குத் தார்சாவில் உட்கார்ந்திருந்த அப்பா ஞாபகம் வந்துவிட்டது. எட்டாம் நாள் வாயைத் திறக்கிறார்கள் பாருங்கள், அவ்வளவும் என் வீட்டுத் துக்கத்தில் கேட்டதுதான். நீ ஏதோ செய்திருப்பாய், அதனால்தான் உனக்கு வந்தது என்று அதிகாரம் அதிகாரமாக விளக்கம்.

கடைசியில் கடவுள் யோபுவைத்தான் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவ்வளவு தூரம் கடவுளையே கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டவன் அவன். ஆனால் கடவுள், என்னைப் பற்றிச் சரியாகப் பேசியது இவன்தான் என்கிறார். கோபம் முழுதும் விளக்கம் சொன்னவர்கள் மேல்! அன்று நான் நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. மதம் என்றால் அந்த மூன்று நண்பர்கள்தான் என்றே அதுவரை நினைத்திருந்தேன். மதப் புத்தகத்துக்குள்ளேயே அவர்களுக்குக் குட்டு விழும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே. பிறகு 88-ஆம் சங்கீதம் படித்தபோது, அது இருட்டில் ஆரம்பித்து இருட்டிலேயே முடிந்துவிட்டது. "அடுத்த பக்கத்துல ஆறுதல் ஏதாவது இருக்கா?" என்று திருப்பிப் பார்த்தேன். இல்லை.

தினமும் வாசிப்பு முடிந்ததும் டீச்சர் இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சொல்வார். நான் வாய் திறக்கமாட்டேன். ஜூலையில் ஒரு நாள் டீச்சருக்கு இருமல், பாதியில் நின்றுவிட்டது. "நீ முடிச்சுடுளா" என்றார். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம்தான். மற்றவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிற மாதிரி எங்களை மன்னியும் என்று வரும் இடத்தில் எனக்கு நாக்கு எழவில்லை.

"என்னளா, மறந்துட்டா?"

"மறக்கல டீச்சர்."

எட்டு வருஷமாக வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாததை அன்று மாடிப் படியில் உட்கார்ந்து சொன்னேன். வாந்தி, வயிற்று வலி, மாங்காய், என் தூக்கம், தொட்டி, மாமியார், எல்லாம். அவ்வளவு பேசும் டீச்சர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விளக்குக்கூடப் போடாமல் இருவரும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். மறுநாளும் அவர் அதைப் பற்றி எடுக்கவில்லை.

2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனதால், கடையநல்லூருக்குப் போக மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடவேண்டும். 2020 செப்டம்பர் 7-ந்தேதிதான் விட்டார்கள். அந்த வாரமே தனியாகப் போனேன்.

"வா. அவன் வரலையா?" என்றார் மாமியார். மாமனார் போன பிறகு அவர் மட்டும்தான் அந்த வீட்டில். நான் பதில் சொல்லாமல் நேரே பின்கட்டுக்குப் போனேன். தொட்டியைக் காணோம். அந்த இடத்தில் செம்பருத்தி ஆளுயரத்துக்கு நிற்கிறது.

"அவன் காரியம் முடிஞ்ச மறுநாளே ஆள் வச்சு உடைச்சுப் போட்டேன். நீதான் இந்தப் பக்கமே வரலையே, உனக்கு எப்படித் தெரியும்" என்றார்.

துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அந்த ராத்திரியைச் சொன்னேன். "உங்க மேல பழியைப் போட்டுட்டேன் அத்தை" என்றேன். மாமியார் கொஞ்ச நேரம் செடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானும் முழிச்சுக்கிட்டுதாம்ளா கெடந்தேன். அவன் ஓங்கரிச்ச சத்தம் எனக்கும் கேட்டுது. நானும் மாங்காய்னுதான் நெனச்சேன். எந்திரிச்சு வரல."

அதற்கு மேல் என்ன பேசினோம் என்பது எங்கள் இருவரோடு இருக்கட்டும். பொழுது சாய்ந்ததும், "அம்மனுக்கு விளக்கு வச்சுட்டு வாரேன், சோறு தின்னுட்டுப் போ" என்றார். அன்று ராத்திரி அவர் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்தேன். எட்டு வருஷத்தில் அப்படித் தூங்கியதில்லை.

இதனால் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டதா என்றால், இல்லை. பகையை விடு என்று சொல்ல வள்ளுவர் போதாதா? என்னை மன்னித்த மாமியார் எந்த சர்ச்சுக்கும் போகிறவர் அல்ல. இதையும் நோட்டில் எழுதினேன், 61-வது நம்பர். டீச்சரிடம் படித்தும் காட்டினேன். "ரொம்ப சரி" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் பண்டித ரமாபாய் கதையைச் சொன்னார். பள்ளியில் ஒரு வரிப் பாடமாகப் படித்தது, முழுக்கதை எனக்குத் தெரியாது. 1858-ல் பிறந்த மராட்டிப் பிராமணப் பெண். ஊரை எதிர்த்து அப்பா அம்மாவுக்கு சமஸ்கிருதம் சொல்லிக் கொடுக்க, அம்மா அதை மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். பஞ்சத்தில் அப்பா, அம்மா, அக்கா மூவரும் போனார்கள். கல்கத்தாவில் பண்டிதர்கள் கூடி 'சரஸ்வதி' என்று பட்டம் கொடுத்தார்கள். கைக்குழந்தையோடு விதவை ஆனார். 1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் வாங்கினார். வாங்கிய பிறகும் அங்கிருந்த கன்னியாஸ்திரீகளோடு கேள்வி கேட்டு மல்லுக்கு நின்றவர் அவர். அதற்கு எட்டு வருஷம் கழித்துத்தான் அவருக்கே தெரிந்ததாம், தான் அதுவரை கண்டுபிடித்தது ஒரு மதத்தைத்தான், கிறிஸ்துவை அல்ல என்று. அதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

எனக்கு ரமாபாயைப் பிடித்துப் போயிற்று. ஒரு மின்னல், ஒரு கனவு என்றில்லாமல், சண்டை போட்டுக்கொண்டே வருஷக்கணக்கில் நடந்த பெண். "நம்ம சாயர்புரத்துல தமிழ் சொல்லிக்குடுத்த கிருஷ்ண பிள்ளையும் வைணவர்தான். முப்பது வயசுக்கு மேலதான் வந்தார்" என்றார் டீச்சர். 'இரட்சணிய யாத்திரிகம்' பாடிய எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையைச் சொல்கிறார்.

ஊரடங்கு முடிந்தது. பழைய பெண் சமைக்க வந்துவிட்டாள், ஆனால் வாசிப்பு மட்டும் என்னிடமே இருந்தது. இரண்டே முக்கால் வருஷம். 2023 ஜனவரியில் டீச்சர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து, மகனும் பெங்களூருக்குக் கிளம்பினார். கீழ்வீட்டுச் சாவி என்னிடம். முதல் நாள் சாயங்காலம் பெருக்கி வைக்கலாம் என்று போனேன். மணி ஆறு. பழக்கம் பாருங்கள், கை தானாகவே புத்தகத்தை எடுத்துவிட்டது. காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, ஒற்று விடாமல் உரக்க ஓர் அதிகாரம் படித்தேன். படித்து முடித்ததும்தான் உறைத்தது. இங்கே கேட்க யாருமில்லை. ஆனால் யாருமில்லாத இடத்தில் படித்த மாதிரி எனக்கு இல்லை. சத்தம் கேட்கவில்லை, ஒளி தெரியவில்லை. கடை வாசலில் நான் படிக்கும்போது, திரும்பிப் பார்க்காமலே அப்பா கேட்கிறார் என்று தெரியுமே, அந்த மாதிரி. பிரமையாக இருக்கலாம் என்று உடனே எனக்கே தோன்றியது. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். ஒரு மாதம் கழித்து அந்த ஜெபத்தை நானே கடைசிவரை சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி பெஞ்சில் போய் உட்கார ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர், "நீ போறதுன்னா போ. என்னைய மட்டும் காலைல எழுப்பாத" என்றார். மகள், "ஆம்பூர் பிரியாணி மாதிரி அங்க ஏதாவது ஸ்பெஷலாம்மா?" என்று கிண்டல் செய்தாள். கோயிலில் எல்லாரும் புனிதர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தேர்தல் வந்தால் அங்கே நடக்கும் கூத்து தனிக்கதை. அதற்கும் நோட்டில் நம்பர் உண்டு.

அப்பாவிடம் சொல்லவேண்டும். அதுதான் எனக்கு மலை. 2023 ஆயுத பூஜை லீவில் ஈரோடு போனேன். அப்பாவுக்கு அப்போது எழுபத்தாறு. கடை உண்டு, மிஷின் மட்டும் மோட்டாருக்கு மாறிவிட்டது. சொன்னதும் மோட்டாரை நிறுத்தினார்.

"ஆறுதலு வேற, நெசம் வேற சாமி. நம்புனா மனசுக்கு ஆறுதலா இருக்கும். அதுக்காவ அது நெசமாயிருமா?"

"ஆவாதுங்கப்பா. ஆறுதல்தான் வேணும்னா நான் பழியத் தொட்டி மேல போட்டுட்டே இருந்திருப்பனுங்க. இது என்னைய ஒத்துக்க வெச்சுதுங்க" என்று, அன்றைக்குத்தான் அப்பாவிடமும் அந்த ராத்திரியைச் சொன்னேன்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. நோட்டை வாங்கிக்கொண்டார். ராத்திரி வெகுநேரம் அவர் அறையில் லைட் எரிந்தது. காலையில் காபி கொடுக்கப் போனேன். நோட்டில் எழுத்துப் பிழைகளையெல்லாம் சிவப்புப் பேனாவில் திருத்தி வைத்திருந்தார். எட்டாவது கேள்வியில் விரலை வைத்தார்.

"இதுக்குப் பதிலு வந்துதா?"

"வரலீங்கப்பா."

"வராமயேவா?"

"வராமயேதானுங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியதா, இல்லை கோபமா, எனக்குத் தெரியவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "பேர மாத்திருவாங்களா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு கேள்வி இருக்க, அப்பாவுக்கு இதுதான் பயம். "அறிவுச்செல்விதானுங்கப்பா. யாரும் மாத்த மாட்டாங்க" என்றேன். "ம்" என்றார்.

அப்புறம் ஆறு மாதம் அவர் எனக்குப் போன் பண்ணவில்லை. நான் பண்ணினால் எடுப்பார், சாப்பிட்டாயா என்பார், வைத்துவிடுவார். ஞானஸ்நானத்துக்குத் தேதி வைத்ததை அம்மாவிடம்தான் சொன்னேன். 2024 ஏப்ரல் 7, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் ஆட்டோ சத்தம். கருப்புச் சட்டையோடு அப்பா, கையில் மஞ்சள் பை. கடையநல்லூரிலிருந்து மாமியார் மத்தியானமே வந்துவிட்டிருந்தார். மாமியார் கும்பிட, அப்பா 'வணக்கம்' சொல்ல, எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மறுநாள் அப்பா கோயிலுக்குள் வரவில்லை. வெளியே வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். இந்தப் பக்கம் குருவானவரை 'ஐயர்' என்றுதான் சொல்வார்கள். கோயில்காரர் ஒருவர் நல்ல மனசோடு, "உள்ளே வாங்க, ஐயர் கூப்பிடுதாங்க" என்று போய்ச் சொல்லியிருக்கிறார். "இங்கயும் ஐயரா!" என்றாராம் அப்பா.

முடிந்து ஈரத்தலையோடு வெளியே வந்தேன். அப்பா பேப்பரை மடித்தார்.

"இன்னிக்கு என்ன படிச்சாங்க உள்ள?"

"தோமான்னு ஒருத்தர் கதைங்கப்பா. தொட்டுப் பாத்தாத்தான் நம்புவேன்னு சொன்னவரு."

"அவர வெளிய தள்ளீட்டாங்களா?"

"இல்லீங்க. ஒரு வாரம் கூடவேதான் வெச்சிருந்தாங்க. அப்புறந்தான் அவருக்கே தெரிஞ்சுது."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். பேப்பரை என்னிடம் நீட்டினார்.

"கண்ணாடிய ஊர்லயே வெச்சுட்டு வந்துட்டேன். இந்த ரெண்டாம் பக்கத்தப் படி சாமி."

மாமியாரும் வந்து அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டார். நான் படிக்க ஆரம்பித்தேன்.